கூலர் ஓட்டையை அடைத்தீர்களா?

தீபாவளி முடிந்த மறுவாரம் தில்லித் தமிழர் வீடுகளில் ஒரு சடங்கு நடக்கும். கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டியைத் திறந்து அந்துருண்டை வாசனையோடு ரஜாய்களை வெளியே எடுப்போம். மொட்டை மாடியில் ஒருநாள் முழுக்க வெயிலில் போடுவோம். பரணிலிருந்து ஹீட்டர் இறங்கும். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் கம்பியில் படிந்த ஆறு மாதத் தூசி தீய்ந்து ஒரு நாற்றம் வரும். "சரி, குளிர்காலம் வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு, கடமை முடிந்ததாக அமர்ந்துவிடுவோம்.

ஆனால் அதே அறையில், ஜன்னலில் பொருத்திய டெஸர்ட் கூலர் மட்டும் ஏப்ரலில் வைத்த இடத்திலேயே இருக்கும். உள்ளே தண்ணீர் வற்றி, பக்கவாட்டுப் புல்தட்டிகள் காய்ந்து கருவாடாகி, கூலரின் வாய் ஒரு பெரிய ஓட்டையாக அறைக்குள் திறந்திருக்கும். இந்தப் பக்கம் 2000 வாட் ஹீட்டர், அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்த ஓட்டை. மின்சாரக் கம்பெனிக்குப் பணத்தைக் கட்டி யமுனைக் கரையைச் சூடாக்கும் திருப்பணியை நம்மில் பலர் ஆண்டுதோறும் செய்துவருகிறோம். நானும் பல வருஷம் செய்தவன்தான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஹீட்டர் வாங்கும் யோசனை சொல்ல இந்தக் கட்டுரை எழுதவில்லை. நம்மவர்களிடம் ஒரு விசித்திரமான வீராப்பு இருக்கிறது. சென்னையில் மார்கழி மாதம் 20 டிகிரிக்கே மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற அதே தமிழர், தில்லிக்கு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டால், "எனக்கெல்லாம் குளிரே தெரியாது சார், ஹீட்டர் வாங்கவே இல்லை" என்று சங்கக் கூட்டத்தில் மார்தட்டுவார். கேட்பவர்களும் மெச்சுவார்கள். அவர் வீட்டில் வயதான தாயார் இருக்கிறாரா, அவருக்குக் குளிர் தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

2019 ஆகஸ்டில் தில்லியில் மாதம் 200 யூனிட் வரை மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். 200-ஐத் தாண்டினால் 400 வரை பாதிச் சலுகை, அதுவும் 800 ரூபாய்க்கு மேல் கிடையாது. ஆக 199-க்கும் 201-க்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழாமல் இருப்பதே என் வாழ்க்கை லட்சியம் ஆயிற்று. அக்டோபர் பில் ஜீரோ. நவம்பர் பில் ஜீரோ. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இதே பேச்சு. "யாரும் தேவையில்லாமல் எதையும் போடாதீர்கள், இந்த மாதமும் ஜீரோ வாங்கிக் காட்டுகிறேன்."

அப்பா காலமான பிறகு கும்பகோணத்திலிருந்து அம்மாவை நிரந்தரமாக அழைத்து வந்திருந்தோம். குளியலறை ஒட்டிய அறை என்பதால், வீட்டின் வடக்கு அறையை அவளுக்குக் கொடுத்தோம். மரியாதையான அறை என்றுதான் நினைத்தோம். ஹீட்டரும் வைத்திருந்தோம். இரவில் என் மனைவி அதைப் போட்டுவிட்டு வருவாள். கதவு சாத்திய ஐந்தாவது நிமிஷம் அம்மா எழுந்து அதை அணைத்துவிடுவாள் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். வரிசையாகச் சூரியனே வராத நாட்கள். 30-ஆம் தேதி சஃப்தர்ஜங்கில் பகல் வெப்பமே 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. 1901-க்குப் பிறகு டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகல் தில்லியில் இல்லை என்றார்கள். அந்த வாரத்தில் ஒரு காலை, காபியை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். நடுக்கம் இல்லை. அதனால் நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்பியபோது நாக்கு குழறியது. என்னை மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போர்வைக்குள் கையை விட்டால் வயிறே சில்லென்று இருந்தது.

பக்கத்து நர்சிங் ஹோமில் டாக்டர் வெப்பமானியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "கம்ரே மே ஹீட்டர் நஹீ ஹை க்யா?" உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருந்தது. வயதானவர்களுக்குக் குளிர் ஏறுவதே சரியாக உறைக்காதாம். நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் சக்தியும் குறைந்துவிடுமாம். நடுக்கம் நின்றுபோவது நல்ல அறிகுறி அல்ல, அபாயத்தின் அறிகுறி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு நாளில் அம்மா தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்து முதலில் கேட்டது, "இந்த மாசம் ஜீரோ வந்துடுத்தாடா?"

நிற்க. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்மாவின் அறைக்கு 800 வாட் குவார்ட்ஸ் ஹீட்டர் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 4 யூனிட். மாதத்துக்கு 120 யூனிட். தில்லியில் உண்மையான குளிர் என்பது டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை, இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. சலுகை போனதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், நர்சிங் ஹோமில் கட்டிய தொகைக்கு ஐந்து குளிர்காலம் அந்த ஹீட்டரைத் தாராளமாக எரித்திருக்கலாம். சிக்கனம் என்று நான் நினைத்தது சிக்கனமே இல்லை. கஞ்சத்தனம்கூட இல்லை, ஏனென்றால் கஞ்சனுக்காவது பணம் மிஞ்சும்.

உண்மையான சிக்கனம் எங்கே இருக்கிறது என்று தேடியதில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன். எனக்கு இயற்பியல் பட்டம் கிடையாது. ஆனால் இதற்கு எட்டாம் வகுப்புப் பாடம் போதும்.

கடைக்காரர்கள் "குறைந்த கரண்ட், அதிகச் சூடு" என்று சொல்லி விற்பது பெரும்பாலும் கதை. ராட் ஹீட்டர், குவார்ட்ஸ், ப்ளோயர், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் எல்லாமே உள்ளே போகும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்குபவைதான். ஒரு யூனிட்டுக்கு எல்லாம் ஒரே அளவு வெப்பமே தரும். அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். ராட், குவார்ட்ஸ் வகை எதிரே உட்கார்ந்திருப்பவரை நேராகச் சூடாக்கும். ப்ளோயர் காற்றைச் சட்டென்று சூடாக்கும், அணைத்தால் சட்டென்று ஆறும். எண்ணெய் ரேடியேட்டர் சூடாக அரைமணி எடுத்துக்கொள்ளும், அணைத்த பின்னும் கொஞ்ச நேரம் கதகதப்பு இருக்கும். கம்பி வெளியே தெரியாததால் குழந்தைகளும் முதியோரும் உள்ள படுக்கையறைக்கு அதுவே பத்திரம். விலை மட்டும் பல மடங்கு.

இந்த விதிக்கு ஒரே விலக்கு சூடும் குளிரும் தரும் ஏசி. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. வெளியே 5 டிகிரி என்றாலும் அந்தக் காற்றிலும் வெப்பம் உண்டு. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் அளவு வெப்பத்தை அறைக்குள் சேர்க்கும். லடாக்கில் இது திணறலாம், ஆனால் உறைநிலைக்குக் கீழே அபூர்வமாகவே போகும் தில்லியின் குளிருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. மே மாதம் ஏசி வாங்கும்போது நம்மில் எத்தனை பேர் ஜனவரியை நினைக்கிறோம்? சில ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இந்த வகையை வாங்கினால் இரண்டு பருவத்துக்கும் ஆயிற்று. ஏற்கனவே ஏசி இருக்கிறதே என்கிறவர்கள் அதை ஓடும்வரை ஓட்டுங்கள், அடுத்ததை இப்படி வாங்குங்கள். 30 டிகிரியில் வைத்துவிட்டு வியர்க்க வேண்டாம், 20 போதும். காற்று வரும் தட்டிகளைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். சூடான காற்று தானாகவே மேலே போய்விடும், அதற்கு நம் உதவி தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் ஓட்டை. கூலரைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் உள்பக்கம் அளவாக ஒரு தெர்மோகோல் தட்டையும் அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டையும் வைத்து நாடா ஒட்டிவிடுங்கள். ரோஷன்தான் கண்ணாடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி இருக்கும், பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தால் போதும். மொசைக், மார்பிள் தரையில் ஒரு கனமான தரி விரித்தால் பாதிக் குளிர் காலில் ஏறாது. என் வீட்டில் இவ்வளவுக்கும் ஆன செலவு ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போகும் செலவைவிடக் குறைவு. அடுத்த நாளே ஹீட்டர் எரியும் நேரம் குறைந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போனால் பாவம். ஓட்டைகளை அடைத்த அறையில் எந்த விதமான நெருப்பும் கூடாது. எண்பதுகளில் கரோல்பாக்கில் ஒரு பர்சாத்தியில் நாங்கள் நான்கு பிரம்மச்சாரிகள் குடியிருந்தோம். மொட்டை மாடி அறை, தகரக் கதவு. ஒரு ஜனவரி இரவு வீட்டுக்காரரிடம் அங்கீட்டியை இரவல் வாங்கிக் கரியைப் போட்டு உள்ளே வைத்துக்கொண்டு படுத்தோம். அங்கீட்டி என்பது நம் ஊர்க் குமுட்டி அடுப்பின் வடநாட்டுத் தம்பி. நடு இரவில் எங்களில் ஒருவன் வெளியே போக எழுந்து, தலைசுற்றிக் கதவின்மேல் விழுந்தான். தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்தது. மற்ற மூன்று பேர் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறோம் என்றால் அந்த மட்டமான தாழ்ப்பாள்தான் காரணம். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். ஜனவரி பிறந்தால் வடநாட்டுப் பத்திரிகைகளில் இப்படி ஒரு குடும்பமாவது போன செய்தி வருகிறது. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே யமன்தான். பில் ஜீரோ வர வேண்டும் என்று கேஸ் கீசருக்கு மாறியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அதை வெளிச்சுவரில், திறந்த வெளியில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். முடியாது என்றால் மின்சார கீசரே மேல். 15 லிட்டர் தொட்டியைக் குளிக்கும் அளவுக்கு நன்றாகச் சூடாக்கவே முக்கால், முக்காலே அரைக்கால் யூனிட்தான் ஆகும்.

இன்னொன்றும் சுருக்கமாக. 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதைப் பெரிய 15 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் அறை சூடாகும், பெட்டியும் சூடாகும், பிறகு தீயணைப்பு வண்டி வரும்.

வெயில் விஷயத்தில்தான் நாம் மிகப் பெரிய தவறு செய்கிறோம் என்பது என் தாழ்மையான கருத்து. வீடு பார்க்கப் போனால் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "கிழக்கு வாசலா?" தெற்கு என்றால் முகம் சுளிப்பார்கள். ஊரில் எப்படியோ, தில்லியில் தெற்கு ஜன்னல் என்பது வாடகை வாங்காத ஹீட்டர். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் இங்கே 38 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. தெற்கு ஜன்னல் வழியாக அந்தச் சாய்ந்த வெயில் கட்டில் வரை வந்து விழும். ஜூனில் அதே சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 85 டிகிரியில் நிற்கும். ஜன்னலுக்கு மேலுள்ள சின்ன சன்ஷேடே அதை வெளியே நிறுத்திவிடும். குளிருக்கு வெயிலும் கோடைக்கு நிழலும் தருகிற ஒரே திசையை நாம் சகுனம் பார்த்து ஒதுக்குகிறோம். ஒதுக்காமல் வாங்கியவர்களும் சோபா வெளுத்துவிடும் என்று நாள் முழுக்கத் திரையை இழுத்து வைக்கிறார்கள். பதினொரு மணிக்குத் திரையை விலக்குங்கள், நாலரைக்கு மூடுங்கள். சோபா வெளுத்தால் வெளுக்கட்டும்.

பஞ்சாபிப் பெண்மணிகள் குளிர்காலத்தில் மதியம் மாடியில் நாற்காலி போட்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டும் வேர்க்கடலை உடைத்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வேலையற்றவர்கள் என்று நம்மவர்கள் நினைத்ததுண்டு. என் வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன். அவர்கள் நம்மைவிட நூறு தலைமுறை கூடுதலாக இந்தக் குளிரோடு வாழ்ந்தவர்கள். முதுகில் வாங்கிய அந்த இரண்டு மணி வெயில் எந்த மீட்டரிலும் ஏறாது.

அறையைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. இரண்டு லிட்டர் வெந்நீர் பிடிக்கும் ரப்பர் பையை நிரப்ப எட்டில் ஒரு யூனிட்கூட ஆகாது. பெரிய ஹீட்டர் நாலு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற மின்சாரம். அதை ரஜாய்க்குள் கால்மாட்டில் வைத்தால் விடியற்காலை வரை கதகதப்பு இருக்கும். கொதிக்கும் நீரை ஊற்றக்கூடாது, துணி சுற்றாமல் வைக்கக்கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு வேண்டவே வேண்டாம், சுட்டுப் புண்ணானாலும் தெரியாது. படுக்கைக்கு அடியில் விரிக்கும் மின்கம்பளம் 100 வாட் என்றால் இரவு முழுக்க ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ரஜாய் பழசாகிக் கட்டிதட்டிப் போயிருந்தால், அக்டோபரில் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வரும் பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிட்டு அடித்து வாங்குங்கள். பஞ்சுக்குள் காற்று இருந்தால்தான் அது ரஜாய், இல்லாவிட்டால் வெறும் கனம்.

அதற்காக ஆளை மட்டும் போர்த்திவிட்டு அறையை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. அம்மாவைப் போர்த்தித்தான் வைத்திருந்தோம். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஒரு சின்ன வெப்பமானி வாங்கி முதியோர் அறையில் மாட்டுங்கள். எங்கள் வடக்கு அறையில் அந்த ஜனவரியில் மாட்டினேன். காலை ஆறு மணிக்கு 11 காட்டியது. அந்த அறையில் ஒரு முழு மாதம் அம்மாவைப் படுக்க வைத்திருந்தோம்.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளின் குளிர்கால விடுமுறையை உத்தேசித்து டிசம்பர் கடைசிக்கு டிக்கெட் எடுக்கிறோம். எழுபது வயதுக்காரர் கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒரே ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு வந்து இறங்குகிறார். பிப்ரவரி பாதிக்குமேல் வரச் சொல்லுங்கள். தில்லியில் பூக்கள் பூக்கும் காலம், ஊர் சுற்றிக் காட்டவும் அதுதான் தோது.

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், வாசலில் இருக்கும் காவலாளியின் கூண்டுக்கு ஒரு ஹீட்டர் வைக்கலாம் என்று சொன்னபோது, "மாதா மாதம் யார் பில் கட்டுவது?" என்று ஒரு குரல் வந்தது. குரல் தமிழ்தான், வருத்தத்தோடு சொல்கிறேன். காவலாளிகள் குப்பையையும் சுள்ளியையும் கொளுத்திக் குளிர் காய்வதைத் தடுக்க, குடியிருப்போர் சங்கங்கள் அவர்களுக்கு மின்ஹீட்டர் தர வேண்டும் என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் செயல்திட்டமே சொல்கிறது. காற்று மாசு என்று இருமிக்கொண்டே அந்த நெருப்பைத் தாண்டிப் போகிற நமக்கு, அந்த ஆள் ஏன் கொளுத்துகிறார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஹீட்டர் வைத்தாயிற்று. வீட்டுக்கு வீடு பங்கு பிரித்தபோது வந்த தொகையைச் சொன்னால் அந்தக் குரலுக்குரியவர் வெட்கப்படுவார், விட்டுவிடுகிறேன்.

நம் சங்கம் ஜனவரியில் பொங்கல் விழா நடத்துகிறது, நன்று. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறுப்பினர்களில் மின்சாரம் தெரிந்தவர்களும் தச்சு வேலை தெரிந்தவர்களும் நாலைந்து பேராகச் சேர்ந்து, தனியாக வசிக்கும் மூத்த உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போய்க் கூலர் ஓட்டையை அடைத்து, பிளக்கைப் பார்த்து, ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டு வரக்கூடாதா? பட்டிமன்றத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம், தெர்மோகோல் வெட்டுவதில் இப்போது எனக்கு நல்ல தேர்ச்சி.

அம்மா எண்பதைத் தாண்டிவிட்டாள். தெற்கு அறை அவளுடையது. வடக்கு அறைக்கு நாங்கள் மாறிக்கொண்டோம், அங்கே சூடும் குளிரும் தரும் ஏசி. மதியம் அவள் கட்டிலில் வெயில் விழும்போது காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறாள். ஹீட்டர் சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்டாத உயரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மாதமும் பில் வரும் நாளில் தவறாமல் கேட்கிறாள், "எவ்வளவுடா வந்தது?"

"ஜீரோதாம்மா" என்கிறேன். இந்த இதழ் வீட்டுக்கு வரும் மாதம் இந்தப் பக்கத்தை மட்டும் எப்படி அவள் கண்ணில் படாமல் வைப்பது என்பதுதான் இப்போதைய கவலை.